பிடிக்கு நிற்கும் துணி: செந்தூல் தையல் அக்காவின் பதில்கள்

சென்ற இதழில் ரவிக்கை அக்குள் பிரிவதைப் பற்றி எழுதும்போது, "ஜூடோ உடுப்பு தைத்த கைக்கு ரவிக்கை அக்குள் பெரிய காரியமில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பினாங்கில் பிறந்தவள். பள்ளி நாட்களில் ஆறு வருடம் ஜூடோ கற்றேன். பழுப்புப் பட்டை வாங்கிய வருடம் முழங்கால் போனது, அம்மாவின் மிதி மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். கோலாலம்பூர் செந்தூலில் கடை போட்டு இருபத்தேழு வருடம் ஆகிறது. சேலை ரவிக்கைக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம், கிழிந்த ஜூடோ உடுப்போடு வரும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இந்த முறை பதில் முழுக்க அந்தப் பிள்ளைகளுக்கு.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. நான்கு வருடம் கராத்தே கற்றுவிட்டு இப்போது ஜூடோவுக்கு மாறியிருக்கிறான். கராத்தே உடுப்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே போட்டு அனுப்பினேன். இரண்டாவது வகுப்பிலேயே தோளிலிருந்து அக்குள்வரை கிழிந்துவிட்டது. தடித்த துணி வைத்து ஒட்டுப் போட்டால் தாங்குமா? மாஸ்டர் புதிது வாங்கச் சொல்கிறார். உடுப்பையும் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள் அக்கா. (ஒரு தாயார், கிள்ளான்)

பதில்: உடுப்பு வந்தது சகோதரி. வெட்டு மேசையில் விரித்துவைத்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கிழிசல் தையலில் இல்லை, தையலை ஒட்டி இருக்கிறது. நூல் ஒரு இழைகூட அறவில்லை, அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் துணிதான் தபால்தலை ஓரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகப் பிரிந்து, பிறகு ஊடை இழை வழியே ஒரு சாண் ஓடியிருக்கிறது. இதைப் பார்த்ததுமே கதை புரிந்துவிட்டது. மெல்லிய துணி, வலுவான பாலியெஸ்டர் நூல், நெருக்கமான தையல். யாரோ இழுத்தபோது நூல் விட்டுக்கொடுக்காமல் துணியை அறுத்துவிட்டது.

கராத்தே உடுப்பின் மேல் குற்றம் இல்லை. அது வேறு வேலைக்குப் பிறந்தது. ஒரு பாவு மேலே, ஒன்று கீழே என்று போகும் சாதாரண நெசவு, கித்தான் துணி போல. கை வீசும்போது தடுக்கக் கூடாது, குத்து முடியும் இடத்தில் 'பட்' என்று சத்தம் வர வேண்டும், காற்று புக வேண்டும். பாரம் எல்லாம் உள்ளிருந்து, போட்டிருக்கிறவன் கையிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து ஒருவன் இரண்டு கையாலும் பற்றித் தொங்குவான் என்று அதைத் தைத்தவர் நினைக்கவில்லை.

ஜூடோவில் அதுதான் நடக்கிறது. உங்கள் மகன் எடையுள்ள இன்னொரு பையன், ஒரு கையில் காலரையும் மறு கையில் முழங்கைத் துணியையும் பிடித்து, தன் உடம்பு முழுவதையும் அதில் போட்டு வெடுக்கென்று திருப்புகிறான். அந்த வெடுக்கு முழுவதும் முதலில் அக்குளில்தான் விழும். கை மேலே போகும்போது ரவிக்கை எங்கே இழுக்கிறதோ அதே இடம்.

ஒரு ஜூடோ சட்டையைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். மேல் பாதி முழுவதும் அரிசி மணி பரப்பினாற்போல் புடைத்திருக்கும். அடித்துணிக்கு மேலே தடித்த ஊடை இழைகள் எழும்பி எழும்பி அமுங்கும் நெசவு அது. ஒரு இடத்தில் இழுத்தால் பாரம் பக்கத்து இழைகளுக்கும் பகிர்ந்து போகும், துணி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். அந்த மணிகளே பிடிக்கிறவன் விரலுக்கும் பிடிமானம். தோளில் இரண்டாவது அடுக்கு இருக்கும். இடுப்புக்குக் கீழே வேறு துணி, வைரக்கட்டம் போட்டது, கொஞ்சம் இலேசு, ஏனென்றால் அங்கே பிடி குறைவு. காலர் பல மடிப்பு மடித்து, நீளவாக்கில் நான்கைந்து வரி தைத்தது. பக்கவாட்டில் கராத்தே சட்டைக்கு இருக்கிற கட்டு நாடா இதில் இருக்காது. அக்குளில் ஒரு துண்டு வைத்து, இழுப்பு ஒரே மூலையில் போய்க் குவியாமல் பரப்பியிருப்பார்கள்.

இனி ஒட்டுப் போடும் விஷயம். போடலாம், நிற்காது. நான் அக்குளில் தடித்த துணி வைத்தால் அந்த இடம் இரும்பாகிவிடும். அடுத்த இழுப்பில் ஒட்டின் ஓரத்தில் கிழியும். அங்கேயும் ஒட்டினால் முதுகில் கிழியும். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: பாரம் தாங்கும் உடுப்பில் துணியைவிட நூல் ஒரு படி இளைத்ததாக இருக்க வேண்டும். எது முதலில் போக வேண்டும் என்று தையல்காரிதான் முடிவு செய்ய வேண்டும். நூல் போனால் பத்து நிமிடத்தில் மறுபடி ஓட்டிவிடலாம். துணி போனால் போனதுதான். பதினான்கு வருடம் ஓடிய ஒரு ஜூடோ சட்டை மாதாமாதம் என் கடைக்கு வரும். ஒவ்வொரு முறையும் உள்ளங்கை நீளம் தையல் விட்டிருக்கும், துணியில் ஒரு கீறல் கிடையாது. அதைத் தைத்தவரை நான் பார்த்ததில்லை, ஆனால் கை தெரிந்தவர்.

வீட்டில் தைக்கிறவர்கள் பலர் சின்னச் சின்னதாக நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைக்கிறார்கள். தடித்த பருத்தியில் அது துணியைச் சல்லடையாக்குவதுதான். மூன்று, மூன்றரை மில்லிமீட்டர் தையல், பதினெட்டாம் எண் ஊசி, இரண்டு அல்லது மூன்று வரி இணையாக. வரிக்கும் வரிக்கும் ஒரு விரல் நுனி இடைவெளி விடுங்கள்.

ஆகவே புதிது வாங்குங்கள் சகோதரி. மாஸ்டர் சொல்வது செலவு வைப்பதற்காக அல்ல. கிழிந்த துணிக்குள் இன்னொரு பிள்ளையின் விரல் மாட்டித் திருகினால் அது விரலோடு போகும். ஒற்றை நெசவுச் சட்டையே பத்து வயதுக்குப் போதும், பெரியவர்கள் போடும் இரட்டை நெசவு இப்போது வேண்டாம், கனத்திலேயே களைத்துவிடுவான். அளவு பத்துப் பத்து சென்டிமீட்டராக ஏறும். மகன் 138 சென்டிமீட்டர் உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 150 எடுங்கள், முதல் இரண்டு மூன்று சலவையில் சுருங்கும். கை நீளமாக இருந்தால் வெட்டாதீர்கள், உட்பக்கம் மடித்துக் கைத்தையலில் நிறுத்திவையுங்கள், வளர வளரப் பிரிக்கலாம். கராத்தே சிலுவாரையும் (கால்சட்டை) ஜூடோவுக்கு அனுப்ப வேண்டாம், முழங்காலில் இரட்டைத் துணி இல்லை, மண்டியிட்டே ஓட்டையாக்கிவிடுவான். அந்தச் சிலுவாரைக் கராத்தே கற்கும் வேறொரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

சட்டையின் நல்ல பகுதியை வெட்டி மகனுக்கு ஒரு பை தைத்து அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

கேள்வி: அக்கா, நான் தரையில் கட்டிப் பிடித்து அடக்கும் பிரேசிலியன் ஜூஜிட்சு பயில்கிறேன். போன வாரம் மழையில் துணி காயவில்லை என்று 24 மணி நேர டோபியில் (சுயசேவைச் சலவைக் கடை) உடுப்பைப் போட்டு, சூடான காற்றில் முழுதாகக் காயவைத்தேன். இப்போது கை மணிக்கட்டுக்கு மேல் ஏறிவிட்டது. நீட்ட முடியுமா? அடுத்த மாதம் போட்டி. ஜூடோவும் ஆரம்பிக்கலாம் என்று ஆசை. இரண்டுக்கும் ஒரே உடுப்பு போதுமா? (வாசகர், கெப்போங்)

பதில்: தம்பி, இந்த மழைக் காலத்தில் இப்படி வரும் நான்காவது உடுப்பு உன்னுடையது. டோபி கடை வந்த பிறகு என் கடையில் வேலை கூடியிருக்கிறது என்பது உண்மை, ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்ததல்ல. தறியில் பருத்தி இழையை இழுத்துப் பிடித்து நெய்கிறார்கள். ஈரமும் சூடும் உருட்டலும் சேரும்போது அந்த இழுப்பை இழை விட்டுவிட்டுத் தன் நீளத்துக்குச் சுருண்டுகொள்கிறது. பிறகு ஈரத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் ஒரு சென்டிமீட்டர் திரும்பலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதே. கை ஓரத்தில் உள்ளே மடிப்பு இருக்கும், அதைப் பிரித்து இறக்கினால் இரண்டு சென்டிமீட்டர்வரை கிடைக்கும். பயிற்சிக்கு அது போதும். துண்டு ஒட்டி நீட்டினால் போட்டியில் ஏற்க மாட்டார்கள்.

சர்வதேச பிரேசிலியன் ஜூஜிட்சு சம்மேளனத்தின் (ஐ.பி.ஜே.ஜே.எஃப்.) விதியைப் பின்பற்றும் போட்டி என்றால், கையை நேரே நீட்டி நிற்கும்போது சட்டைக் கை ஓரத்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கைக்கும் துணிக்கும் நடுவே 7 சென்டிமீட்டர் திறப்பு இருக்க வேண்டும். காலர் தடிமன் 1.3 சென்டிமீட்டருக்கு உள்ளே. நிறம் வெள்ளை, நீலம், கறுப்பு மட்டும், சட்டையும் சிலுவாரும் ஒரே நிறம். வீட்டிலேயே அளந்துவிட்டு என்னிடம் வா.

ஒரே உடுப்பைப் பற்றிக் கேட்டாய். ஜூடோ சட்டையைப் போட்டுக்கொண்டு ஜூஜிட்சுக்குப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உனக்குத்தான் கஷ்டம். கை அகலம், கீழ்ப்பகுதி நீளம், எதிராளிக்குப் பிடிக்க நிறையத் துணி கொடுக்கிறாய். தரையில் அவன் உன் சட்டையின் கீழ் ஓரத்தை உருவி உன் கையையே சுற்றிக் கட்டுவான். ஜூஜிட்சு உடுப்பு உடம்பை ஒட்டி வெட்டியது, முதுகில் நடுத் தையல் இல்லாமல் ஒரே துணியில் வரும், காலருக்குள்ளே ரப்பர் போன்ற பட்டை வைத்திருப்பார்கள், சுலபத்தில் மடங்காது, தண்ணீரும் குடிக்காது. அதைப் போட்டு ஜூடோ பயிற்சிக்குப் போகலாம், போட்டிக்கு முடியாது. உலக ஜூடோ சம்மேளனம் கேட்பது வேறு: கையைச் சுற்றி 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி, சட்டையின் இரு பக்கமும் மார்புக்கூட்டின் கீழே 20 சென்டிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும், காலர் 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது. அதை அளக்கவே 'சொக்குதெய்கி' என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். எதிராளி பிடிக்க வழி விட வேண்டும் என்பதுதான் இத்தனை அளவுக்கும் காரணம். பிடிக்க முடியாத சட்டையைப் போட்டு வருகிறவன் ஆட்டத்தையே கொடுக்க மாட்டேன் என்கிறான்.

காசு குறைவு என்றால் முதல் வருடம் இரண்டுக்கும் ஒரு ஒற்றை நெசவு ஜூடோ சட்டை போதும். இனிமேல் டோபியில் தண்ணீர் மட்டும், குளிர்ந்த தண்ணீர். காயவைப்பது வீட்டில் மின்விசிறிக் காற்றில்.

கேள்வி: நான் சிலம்பம் கற்றுக்கொடுத்தவன், வயது எழுபத்தொன்று. பேரன் ஜூடோ கற்கிறான். நம் மல்லர்கள் இடுப்பில் லங்கோடு மட்டும் கட்டி மண்ணில் மல்யுத்தம் செய்தார்கள். இந்த வெயிலில் கம்பளி போன்ற சட்டை எதற்கு? (ஓர் ஐயா, புக்கிட் மெர்தாஜம்)

பதில்: ஐயா, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. என் மாஸ்டரிடம் பன்னிரண்டு வயதில் நானும் இதையே கேட்டேன்.

ஒரு பல்லவ அரசன் தன்னை மாமல்லன் என்று அழைத்துக்கொண்டான், ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மன். மாமல்லபுரத்துக்கு அந்தப் பெயர்தான். வெறும் உடம்பில் பிடிக்கும் கலைக்கு நம்மிடம் அவ்வளவு மரியாதை இருந்திருக்கிறது. அந்தக் கலையில் பிடி என்பது மணிக்கட்டு, பிடரி, இடுப்பு, தொடை. வியர்வை வந்துவிட்டால் கை வழுக்கும். அதனால்தான் உடம்பில் மண்ணைப் பூசிக்கொள்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் எதிராளியின் உடுப்பைப் பிடிப்பது தவறு.

ஜூடோ எடுத்துக்கொண்டது வேறு நிலைமை. எதிரில் நிற்பவன் துணி உடுத்தியவன் என்று வைத்துக்கொள்கிறது. ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தக் கோவிலில் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் ஆரம்பித்தபோது, சட்டைக் கையும் கால்சட்டையும் குட்டையாக இருந்தன. 1907 வாக்கில்தான் இன்றைய நீளத்துக்கு வந்தது. முழங்கையும் முழங்காலும் பாயில் உராய்ந்து தோல் போவதும் குறைந்தது, பிடிக்கவும் துணி கிடைத்தது. ஜப்பானியர்களிடமே இரண்டும் உண்டு ஐயா. சுமோ வீரனைப் பாருங்கள், மேலுடம்பில் ஒன்றுமில்லை, பிடி முழுவதும் இடுப்பில் சுற்றிய துணியில்.

சட்டை வந்ததும் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. தோலில் நிற்காத பிடி துணியில் நிற்கும். தன்னைவிட இருபது கிலோ கூடியவனைச் சின்ன உடம்புக்காரன் தொலைவிலேயே நிறுத்தி, முழங்கைத் துணியை இழுத்து நிலை குலைக்க முடியும். நான் ஐம்பது கிலோகூட இல்லாத பெண்ணாக இருந்தேன். எனக்கு ஜூடோவைத் திறந்துவிட்டதே அந்தச் சட்டைதான். வெறும் உடம்புப் பிடியில் எனக்கு அந்த இடமே கிடைத்திருக்காது. காலரும் அப்படித்தான், கழுத்தின் இரு பக்கமும் அழுத்தும்போது எதிராளியின் சட்டையே கயிறாகிவிடும்.

வெயிலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அது குளிர் நாட்டுக்காரர் தைத்த தடிமன். பேரனுக்கு ஒற்றை நெசவில் இலேசானது வாங்குங்கள், வகுப்புக்கு நடுவே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். உங்கள் சிலம்பக் கால்வரிசை அவனுக்கு இருந்தால் ஜூடோவில் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: எனக்கு 34 வயது. ஜூஜிட்சு சேர்ந்திருக்கிறேன். சிலுவார் நாடா அவிழ்ந்துவிடுமோ, சட்டை விலகிவிடுமோ என்ற பயத்திலேயே பாதிக் கவனம் போய்விடுகிறது. தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொல்கிறார்கள். என்ன செய்வது அக்கா? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: முதலில் உள்ளே. உடம்பைப் பிடித்து நிற்கும் மீள்துணிச் சட்டை ஒன்று, கை உள்ளது, போட்டுக்கொள் தங்கச்சி. ஜூஜிட்சுப் போட்டிகளில் பெண்களுக்கு அது கட்டாயமே. ஜூடோவில் வெள்ளை டி-சட்டை. சட்டை எத்தனை முறை விலகினாலும் உனக்குக் கவலை இல்லை. சிலுவாருக்குள்ளும் முழங்கால்வரை இறுக்கமான ஒன்று போடு. உள்ளாடையில் கம்பி வேண்டாம்.

நாடா அவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் நாடாதான். வழவழப்பான உருண்டைக் கயிறு முடிச்சில் நிற்காது. தட்டையான பருத்தி நாடா ஒரு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும், பழையதின் நுனியில் தைத்து இழுத்தால் உள்ளே போய்விடும். முன்னால் ஒரு சின்ன வளையம் தைத்திருக்கும், பலர் அதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். நாடாவின் இரு நுனியையும் அதற்குள் விட்டு, பிறகு முடி.

தாலி. இதை எழுதும்போது நான் கொஞ்சம் நிறுத்தி யோசித்தேன், ஏனென்றால் என் அத்தை இதே காரணத்துக்காக என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. காலரைப் பிடிக்கும் கை, சங்கிலியையும் சேர்த்துப் பிடித்தது என்றால் அறுவது தங்கமோ கழுத்துத் தோலோ சொல்ல முடியாது. மஞ்சள் கயிறு அதைவிட மோசம், அது அறவே அறாது. மெட்டி எதிராளியின் சிலுவார் ஓரத்தில் மாட்டினால் கால் விரல் பிசகும். அவளுக்கும் கீறும். வீட்டிலேயே சாமி படத்தின் முன்னால் ஒரு குங்குமச் சிமிழில் வைத்துவிட்டுப் போ, திரும்பி வந்து குளித்துப் போட்டுக்கொள். பயிற்சிக் கூடத்துப் பையில் வைக்காதே, தொலைந்தால் மனசு கேட்காது. வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடு. தெரியாமல் செய்தால்தான் பேச்சு வரும்.

கேள்வி: எத்தனை துவைத்தாலும் உடுப்பில் வாடை போகவில்லை. பிளீச் ஊற்றலாமா? (வாசகர், செத்தாப்பாக்)

பதில்: ஊற்றாதீர்கள். குளோரின் பிளீச் பருத்தி இழையைத் தின்றுவிடும். வெள்ளையாகத் தெரியும், மூன்று மாதத்தில் முழங்கால் பொடிப்பொடியாகப் பிரியும். அப்படிப்பட்ட சிலுவாருக்கு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. வாடைக்குக் காரணம் பையில் கட்டிக் காருக்குள் ஒரு இரவு வைப்பது. வீடு வந்த உடனே துவையுங்கள், அல்லது அலசியாவது விரியுங்கள். பழைய வாடைக்கு அரை வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை வெள்ளை வினிகர், அரை மணி ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். மென்மையாக்கும் திரவம் வேண்டாம், துணி வியர்வை குடிப்பதை நிறுத்திவிடும். இரண்டாவது உடுப்பு ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தோலில் வட்டமாகச் சிவந்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். மருத்துவரைப் பார்த்து, ஆறும்வரை பாயில் இறங்காதீர்கள். அது உங்களோடு நிற்காது, கூட இருக்கும் எல்லாருக்கும் போகும்.

கேள்வி: அக்கா, எனக்கு 15 வயது. ஜூடோவில் என் பட்டை அடிக்கடி அவிழ்கிறது. நடுவர் நிறுத்திக் கட்டச் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது. பட்டையைத் துவைத்தால் கற்றது போய்விடும் என்று தோழி சொல்கிறாள். உண்மையா? (மாணவி, பட்டர்வொர்த்)

பதில்: கண்ணு, பட்டையை தாராளமாகத் துவை. மற்ற துணிகளோடு போடாதே, சாயம் போகும். வியர்வை ஊறிய பட்டையை யாரும் பிடிக்க விரும்ப மாட்டார்கள்.

அவிழ்வதற்கு உன் கை காரணமில்லை. புதுப் பட்டை விறைப்பாக இருக்கும், முடிச்சு இறுகாது. தண்ணீரில் நனைத்து முறுக்கிக் காயவை, மூன்று நான்கு முறை செய், பழகிவிடும். கட்டும்போது இரண்டு சுற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வை. இடது நுனியை இரண்டு சுற்றுக்கும் அடியில் விட்டு மேலே இழு. பலர் ஒரு சுற்றுக்கு அடியில் மட்டும் விடுகிறார்கள், அங்கேதான் நழுவுகிறது. முடிச்சு முடிந்த பிறகு நுனி இரண்டும் 20 முதல் 30 சென்டிமீட்டர் தொங்க வேண்டும். அதற்குமேல் நீளமாக இருந்தால் வெட்டிவிடாதே, ஒரு அளவு சின்னதாக மாற்றிக்கொள்.

நடுவர் நிறுத்தினால் வெட்கப்படாதே. நான் அந்த நேரத்தில் மூச்சை மூக்கு வழியாக இழுத்து, முடிச்சைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கட்டுவேன். எதிரில் நிற்பவளுக்கும் அப்போது மூச்சு வேண்டியிருக்கும், அவளும் தன் பட்டையைத் தொட்டுப் பார்ப்பாள்.